தம்பிக்குப் பார்த்த சர்க்கரை

பிப்ரவரி 3, திங்கள்

எனக்குச் சர்க்கரையாம். கடலைமிட்டாய் போட்டுப் பிழைக்கிற வீட்டுக்காரியின் ரத்தத்தில் உப்பா இருக்கும்? டாக்டரிடமே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மதுரையில் பெரிய டாக்டர்கள் சிரிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக டோக்கன் போட வேண்டும் போல.

நாங்கள் போனது எனக்காக இல்லை, என் தம்பி சேர்மக்கனிக்காக. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்திருக்கிறான். வேறு சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். அவன் பெண்டாட்டி கலாவின் ரத்தவகை சேரவில்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு எல்லாம் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பார்த்தபோது இவருக்கும் எனக்கும் இத்தனை பொருத்தம் இல்லை. கடைசியாக ஒரு சோதனை, அதில்தான் மாட்டிக்கொண்டேன். வெறும்வயிற்றில் 138. மூன்று மாதச் சராசரியும் கோட்டைத் தாண்டி இருந்தது.

“சர்க்கரை உள்ளவங்ககிட்ட நாங்க பொதுவா கிட்னி எடுக்கிறதில்லம்மா. உங்களுக்கு இப்பத்தான் தொடங்கியிருக்கு. சாப்பாட்டைக் குறைச்சு, நடந்து, மாத்திரை இல்லாம இறங்குதான்னு பாருங்க. மே மாசம் மறுபடி வாங்க. நல்லா இறங்கியிருந்தா கமிட்டியில கேட்டுப் பாக்கலாம். நான் வாக்குக் கொடுக்கலை.”

வாக்குக் கொடுக்கவில்லை என்றது யார் காதிலும் விழவில்லை. இறங்கியிருந்தால் என்றது எல்லார் காதிலும் விழுந்தது.

வராந்தாவில் கலா தரையில் உட்கார்ந்து அழுதாள். தம்பி அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “யக்கா, இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம். உனக்கும் சேத்து உப்பில்லாம பொங்கச் சொல்லுதேன்” என்றான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்துக் கர்ச்சீப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். கொட்டாவிதான் வந்தது. பஸ்ஸில் சாத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். கோவில்பட்டியில் இவர் தட்டி எழுப்பினார்.

பிப்ரவரி 5, புதன்

சர்க்கரை பார்க்கிற மீட்டர் வந்துவிட்டது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வழிகாட்டிப் புத்தகத்தை இந்தியில் இருந்து தொடங்கினார். தமிழ்ப் பக்கம் பின்னால் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. இரண்டு ஸ்ட்ரிப் வீணானது. ஒன்றைத் தலைகீழாகச் செருகினார். இன்னொன்றில் என் ரத்தத்துக்குப் பதிலாக அவர் நெற்றி வேர்வை விழுந்தது.

மூன்றாவதில் 141.

குத்தினால் சுருக்கென்று இருக்கும் என்று எல்லாரும் பயம் காட்டியிருந்தார்கள். இருந்ததா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

தினமும் காலையில் எண்ணை ‘நம்ம வீடு’ வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது கலாவின் உத்தரவு. போட்டேன். அடுத்த நிமிஷம் தூத்துக்குடிச் சித்தப்பா ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். அவருக்கு எதற்கும் ரோஜாப்பூதான். போன மாதம் ஒரு இழவுச் செய்திக்கும் அதே பூதான் வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

133.

தெருவில் எனக்குத் தெரியாமல் இத்தனை வைத்தியர்கள் இருந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி வெந்தயத்தை ஊறப்போடச் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி வறுத்துப் பொடிக்கச் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் குழாயடித் தகராறு உண்டு; அதனால் ஒருத்தி சொன்னதைச் செய்தால் இன்னொருத்தி பேச மாட்டாள். நான் இரண்டையும் செய்கிறேன். வீடு முழுக்க வெந்தய வாசம். இவர் சட்டையில்கூட அடிக்கிறது.

கலா தினமும் டூவீலரில் பாகற்காய்ச் சாறு கொண்டுவருகிறாள். நான் குடித்து முடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள். ஒருநாள், “வாயத் தொறந்து காட்டட்டுமா?” என்று கேட்டேன். “காட்டுங்க மதினி” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் ரயில்வே கேட் வரைக்கும் நடை. இவர் எனக்கு முன்னால் போகிறார், தெரியாத மனிதர் மாதிரி. இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நடந்தது சாமி ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் மட்டும்தான். பழக்கமில்லை.

பிப்ரவரி 19, புதன்

121. குழுவில் கும்பிடு மழை.

பிப்ரவரி 24, திங்கள்

கலாவுக்குப் பல்வலி. அதனால் டயாலிசிஸுக்கு நான் கூடப் போனேன். பெரிய கூடம். வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு மெஷின். தம்பியின் இடதுகையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. அதில் இரண்டு தடி ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. என் மீட்டர் ஊசியை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“என்னக்கா அப்படிப் பாக்குற? தொட்டுப் பாரு, மோட்டார் ஓடுற மாதிரி இருக்கும்.”

தொட்டேன். தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓடியது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் இல்லையா, அவனுக்கு எல்லாமே மோட்டார்தான்.

தண்ணீர் அவனுக்கு நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில்தான். அதற்குள்தான் காப்பி, மோர், குழம்பு, மாத்திரை எல்லாம். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அதக்கிக்கொள்கிறான். பக்கத்துக் கட்டில் ஆளைக் காட்டி, “அவரு வீட்ல எல்லாரும் குடிக்கிறதப் பாக்கக் கூடாதுன்னு சுவத்தப் பாத்து உக்காந்து சாப்பிடுதாராம். நான் பரவாயில்ல, கலா தண்ணி குடிச்சா ருசி எப்படின்னு கேப்பேன்” என்றான்.

சொந்தபந்தம் எல்லாரும் கிட்னி கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டுவிட்டார்கள். என் மகள் சுபா வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீரை அவன் எப்படி மேளதாளத்தோடு கொண்டுவந்தான் என்று எனக்கே ஞாபகப்படுத்தினார்கள். அந்த மேளத்தில் என் காது அடைத்தது எனக்குத் தெரியாதா? கேட்காதவன் ஒருத்தன்தான், கட்டிலில் படுத்து ஐஸ் சப்பிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். இவருடைய பனியனில் ஓட்டை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

112!

ஆச்சரியக்குறி கலா போட்டது. குழுவில் அவள் அப்படித்தான் போட்டாள், நானும் பார்த்து எழுதிவிட்டேன். எனக்கு, வேறு யாரோ பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கிறது.

மத்தியானம் கலா ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். கிட்னி எடுக்கிற ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுக் கம்பியை விட்டுத் துழாவுகிறார்கள். கடைசியில் வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தில் ஐஸுக்கு நடுவில் வைத்தார்கள். மீன்கடைக்காரன் கடையைப் பரப்பும்போது வைப்பானே, அப்படி.

“பாருங்க மதினி, மூணாம் நாளே எந்திரிச்சு நடக்காக. ஒண்ணை வச்சே நூறு வயசு வரைக்கும் இருக்கலாமாம்.”

“நூறு வயசு வரைக்கும் உங்க அண்ணனோட இருக்கணுமா? அதுக்கு ரெண்டையும் எடுத்துக்கச் சொல்லு.”

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் புழு இருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன். நல்ல காயையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன் என்று சமைக்கும்போதுதான் தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் மிட்டாய்க் கொட்டகை. மாஸ்டர் வேலுச்சாமி வெல்லப்பாகு காய்ச்சுவார். பதம் சொல்வது நான். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, சட்டி விளிம்பில் தட்டினால் டக்கென்று கேட்க வேண்டும். கேட்டால் கடலையைக் கொட்டலாம். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் பல்லே போகும். இவருக்கு அது பிடிபடாது. கம்பெனி அவர் பெயரில், பதம் என் விரலில்.

வழக்கமாக நான் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவேன். இன்று வேலுச்சாமி சீக்கிரமே அடுப்பு மூட்டிவிட்டார். பதம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து குத்தினேன்.

268.

குழுவிலும் போட்டுவிட்டேன். ஒரு கும்பிடு வரவில்லை. ரோஜாப்பூகூட வரவில்லை. கலா பாகற்காய்ச் சாற்றோடு வரவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன், சர்க்கரை போடாமல்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் காப்பி, காப்பி மாதிரி இருந்தது. இன்னொரு டம்ளர் போட்டுக் குடித்தேன். காப்பித்தூள்காரன் தூளை மாற்றியிருப்பான் போல.

அப்புறம்தான் இவர் பதறிப்போய் மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

“கையில என்ன தொட்டீங்கக்கா?”

“பாகு.”

“நல்லா இருக்கு போங்க! நீங்க பாத்தது உங்க சர்க்கரை இல்ல, மிட்டாய்ச் சர்க்கரை. சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டு மறுபடி பாருங்க.”

109.

வேலுச்சாமி முதல் கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலாவிடம் இவரே கூப்பிட்டுச் சொன்னார். சாறு வந்தது.

மார்ச் 13, வியாழன்

176.

என்ன காரணமோ.

மார்ச் 14, வெள்ளி

183. வெயில்.

மார்ச் 18, செவ்வாய்

169. நேற்று எதிர்வீட்டுக்காரிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் குழாயடியில் பெரிய சண்டை. நான் மாடியில் நின்று முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். மனம் கொதித்தால் சர்க்கரை ஏறுமாம். அடுத்தவர்களுடைய சண்டையைப் பார்த்தாலும் ஏறும் போலிருக்கிறது. யாராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது.

மார்ச் 22, சனி

188.

கலா வந்தாள். சாறு கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மதினி, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீக. களவா எதுவும் திங்கீகளா?”

“தின்னுட்டு உங்கிட்டச் சொன்னா அப்புறம் அது என்ன களவு?”

“விளையாடாதீக. நூத்தி ஒம்பது வரைக்கும் வந்தது எப்படி இப்படி ஏறும்? மிட்டாய் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு வாயக் கட்டுறது கஷ்டந்தான். அதனாலதான் கேக்கேன்.”

பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்தாள். துவரம்பருப்பு, உளுந்து, மல்லி. மல்லி டப்பாவுக்குள் இவர் ஒளித்து வைத்திருந்த காராச்சேவு அகப்பட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு அது தெரியாது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கொலைக்கேஸில் அகப்பட்டவன்கூட இன்னும் கொஞ்சம் தைரியமாக நிற்பான்.

சிரித்துக்கொண்டு திரும்பினால் கலா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“அவுகளால படுக்க முடியல மதினி. மூச்சு முட்டுது. உக்காந்தே உறங்குதாக. நான் எந்திரிச்சுப் பாத்தா, நான் முழிச்சிட்டேன்னு தெரிஞ்சு கண்ண மூடிக்கிடுதாக.”

நான் தண்ணீர் மோந்து கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இப்போது இதை எழுதுகிற எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

மீட்டர் எப்போதும் சாமி அலமாரிக்குக் கீழேதான் இருக்கும். இன்று அங்கே இல்லை. தேடினால் கொட்டகையில், பாகு அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. இவர்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து குத்தினேன்.

179.

மார்ச் 30, ஞாயிறு

சுபா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“இஷ்டமா? நான் என்ன ஜவுளிக்கடையிலயா நிக்கேன்?”

“பயமா இருக்காம்மா?”

“எதுக்குப் பயம்? மூணாம் நாளே எந்திரிச்சு நடக்காகளாம். கலா வீடியோ காட்டினா.”

“நான் அத்தை சொன்னதக் கேக்கல, உன்னத்தான் கேக்கேன்.”

குக்கர் விசில் அடித்தது. வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை; அது பக்கத்து வீட்டு விசில். சுபாவுக்கு அங்கிருந்து எப்படித் தெரியும்?

பெற்ற மகளாவது கேட்டாள். இந்தக் கேள்விக்கு நான் பதில் வைத்திருக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்த் தேடினால் காலி டப்பா. பயம் இருந்தாலாவது பரவாயில்லை, அதற்கு ஒரு பெயராவது இருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

172. கருவேப்பிலை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

தம்பி இரண்டு கீற்று தர்ப்பூசணி தின்றிருக்கிறான். கடைக்கு வந்த யாரோ வெட்டி வைத்தார்களாம். வெயில், தாகம், கை போய்விட்டது. மாலையில் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுக்குப் பறந்து, ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள் போகும்போது முகத்தில் மாஸ்க் போட்டு மெஷினில் இணைத்திருந்தார்கள். பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

கலா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், பொழுது போயிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்து, வழுக்கையைச் சுரண்டித் தின்றேன். தின்ற பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. 181. தூத்துக்குடிச் சித்தப்பா எல்லாருக்கும் ரோஜாப்பூ அனுப்பினார். என் எண்ணுக்கும் வாழ்த்துக்கும் சேர்த்து ஒரே பூ.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவர் விடிந்ததும் நிலக்கடலை பார்க்கச் சாத்தூர் போய்விட்டார். நான் பதம் சொல்லிவிட்டு, மாடத்திலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு திரும்பினால், கொட்டகை வாசலில் தம்பி நிற்கிறான். ஆட்டோவில் தனியாக வந்திருக்கிறான். ஒரு படி ஏறியதற்கே இரைக்கிறது.

“ஏலே, கலாகிட்டச் சொல்லிட்டு வந்தியா?”

“சொன்னா விடுவாளா? வா, வீட்டுக்குள்ள போவோம். வெறும்வயிறுதான? நான் பாக்கப் பாரு.”

உட்கார்ந்தோம். குத்தினேன். 203.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, விரலை மூக்குப் பக்கம் கொண்டுபோனான்.

“ஏலக்காய் வாசம் அடிக்கி யக்கா.”

எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். மிட்டாய்க்கு ஏலக்காய் போடாமல் கொத்தமல்லியா போடுவார்கள், இப்படி ஏதாவது. வாய் வரவில்லை.

தோளில் கிடந்த துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து என் இன்னொரு கை விரலை அவனே துடைத்தான். நகக்கண் வரைக்கும் துடைத்துவிட்டு, காய்ந்த முனையால் ஒற்றி எடுத்தான். அவனே குத்தினான். அடப்பாவி, அழுத்திக் குத்திவிட்டான். இந்த இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக ‘ஸ்’ என்றேன்.

101.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்துவிட்டது.

“நானும் பண்ணியிருக்கேன்க்கா. உனக்கு நேர் எதிரா. சர்க்கரை டாக்டரப் பாக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டினி கெடப்பேன். அவரு பாத்துட்டு, பரவாயில்லையே கனி, கட்டுக்குள்ள இருக்கேம்பாரு. வெளிய வந்து நேரா புரோட்டாக் கடைக்குப் போவேன். கலாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கை எத்தனை டாக்டர ஏமாத்துனது தெரியுமா? எங்கிட்டயா?”

“ஏலே கனி…”

“பேசாத. என் கிட்னியத் தின்ன சர்க்கரைதான உனக்கும் வந்திருக்கு? நாளைக்கு உனக்கே ஒண்ணு தேவைப்படும். அத நெனைக்காம நாங்கபாட்டுக்குப் பாகக்காயக் கரைச்சு ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்.”

அப்போதுதான் அவன் போன் அடித்தது. கலா. ஆளைக் காணோம் என்று தெருத்தெருவாகத் தேடியிருக்கிறாள். கத்தியது எனக்கே கேட்டது. அவன் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தான்.

“அக்கா வீட்லதான் இருக்கேன். ஆமா, நான் பாக்கத்தான் பாத்தா. கையச் சுத்தமாத் தொடச்சி நானே குத்துனேன். இருநூத்தி மூணு.”

போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டான்.

“அவ என்ன பண்ணுவா? உடம்பு அப்படி. சும்மா அவளப் போட்டு அரிக்காத. மே மாசம் மதுரைக்கெல்லாம் போக வேண்டாம். செத்தவுக கிட்னிக்கு நம்ம பேருதான் சர்க்கார் வரிசையில பதிஞ்சிருக்குல்ல, வரும்போது வரட்டும். வச்சிரு, வாரேன்.”

வைத்துவிட்டான்.

“ஏன்லே அப்படிச் சொன்ன?”

“நீ மாட்டேன்னு சொல்ல வேண்டாம். நான் குடுன்னு கேக்க வேண்டாம். ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம். காப்பி போடு. அரை டம்ளர்தான், கலா கணக்குல சேக்காத.”

போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தான். தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டால் காலுக்கு ஆசுவாசமாக இருக்குமே என்று கீழே உட்கார்ந்தேன். வார் பதிந்திருந்த இடம் வாய்க்கால் மாதிரி இருந்தது. கணுக்காலைக் காணோம். வீங்கி வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இப்போது மூடும், இப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொட்டகையிலிருந்து வேலுச்சாமி, “அடுத்த பாகு ரெடிம்மா, பதம் பாக்க வாங்க” என்று குரல் கொடுத்தார். நான் போகவில்லை. அந்தச் சட்டி முறுகிவிட்டது. மிட்டாய் உடைக்கச் சுத்தியல் வேண்டும் என்று சாயங்காலம் இவர் கத்தினார். கத்தட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

98.

குழுவில் போட்டேன். கீழே, நேற்று எண் தப்பு, கனிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எழுதினேன். தம்பி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தேன். கலா கூப்பிடவில்லை, நேரே வந்துவிட்டாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரட்டும், மெதுவாக வரட்டும்.

எனக்கு இப்போது பெரிதாக ஏதாவது தோன்ற வேண்டும். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. விரல் மட்டும் வலிக்கிறது, நேற்று அவன் குத்திய இடத்தில்.

இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “நல்லா யோசிச்சியா?”

“இல்ல” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். “கமிட்டி வேணாம்னு சொன்னாலும் சொல்லிருவாக. சொல்றது அவுகளா இருக்கட்டும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி நம்பரை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

மே மாதத்துக்கு நாள் கேட்டேன். சின்னக் குரலில் ஒரு பெண் பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, “பேஷண்ட்டாம்மா, டோனரா?” என்றாள்.

“ரெண்டுந்தான்.”

“ரெண்டும் போட முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒண்ணுதான் எடுக்கும்.”

“அப்போ டோனர்னு போடும்மா” என்றேன்.